மூன்றாம் வரிசைக்குக் கேட்பதில்லை

மகன், ஜீப்பைப் போய்ப் பார்த்துவிட்டோம். அப்பா படங்கள் அனுப்பியிருப்பார். அவற்றில் பாதி அவருடைய பெருவிரல், மீதி ஜீப்பின் ரயர். ஆகவே விவரம் என்னிடமிருந்துதான் உனக்கு வரவேண்டும். குரல் பதிவில் சொல்லலாம் என்று தொடங்கினேன். காகம் கத்துகிறது, மீன்காரன் ஹோர்ன் அடிக்கிறான், சொல்ல வந்தது நடுவில் எங்கோ போய்விடுகிறது. தபால் கந்தோரில் இவ்வளவு காலம் மற்றவர்களின் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள், சொந்த மகனுக்கு ஒன்று எழுதினால் தேய்ந்துபோகமாட்டேன். இதைக் குடும்பக் குழுவிலேயே போடுகிறேன். உன் அக்கா வாசிக்கட்டும், மருமகள் ஷாமினி வாசிக்கட்டும், அப்பாவும் கண்ணாடியைத் தேடி எடுத்து வாசிக்கட்டும். இது கொஞ்சம் நீளம். பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டு ஆறுதலாக இருந்து படி.

நீ அதை எஸ்.யூ.வி. என்கிறாய். இங்கே உயரமாக நின்றால் எல்லாமே ஜீப்தான். மெல்பேர்னை விட்டு மனைவி பிள்ளைகளோடு ஊருக்கே திரும்பி வருகிறாய், துறைமுகப் பக்கம் வேலையும் சரிவந்துவிட்டது, ஷாமினிக்கும் வேலை கிடைத்துவிட்டது. மூத்தவன் ஜோயலுக்கு ஐந்து வயது, இரட்டையர் இப்போதுதான் எழுந்து நின்று விழுகிறார்கள். எல்லாரும் ஒன்றாகப் போய்வர மூன்று வரிசை வாகனம் வேண்டும் என்றாய். உப்புவெளி நசீரின் ஜீப்பை இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டாய். நீங்கள் போய்ப் பாருங்கோ, குழந்தைச் சீற்றுகளையும் இருக்கையில் பூட்டிப் பாருங்கோ, சரியென்றால் காசு அனுப்புகிறேன் என்றாய். அந்தப் பதிவின் கடைசியில், "அம்மா, பின் வரிசை உங்களுக்குத்தான். நீங்கள் பின்னால இருந்தா எங்களுக்கு நிம்மதி" என்றும் சொன்னாய். அந்த நிம்மதியைப் பற்றித்தான் பேசவேண்டியிருக்கிறது. ஆனால் முதலில் ஜீப்.

நீ கப்பலில் அனுப்பிய பெட்டி வந்து விறாந்தையில் கிடந்தது. உடைத்து மூன்று சீற்றையும் வெளியே எடுத்து வைத்தோம். பக்கத்து வீட்டு மேரி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதென்ன, பல்லு டொக்டர்ட கதிரையளோ?" என்று கேட்டா. "இல்லை அக்கா, பேரப்பிள்ளையள் இருக்கிறதுக்கு" என்றேன். "ஏன், உமக்கு மடி இல்லையோ?" என்றா. மகன், எனக்கு மடியும் இருக்கிறது, அதன் அளவும் தெரியும். நீ மோட்டார் சைக்கிளின் பெற்றோல் ராங்கியில் குந்தியிருந்து வளர்ந்தவன். பிறகு மாமா ஓட்டுகிற வானில் என் மடியில் வளர்ந்தாய். ஒருநாள் உவர்மலை இறக்கத்தில் ஒரு மான் குறுக்கே வர, மாமா பிரேக்கை மிதித்தார். என் இரண்டு கையும் உன்னைச் சுற்றித்தான் இருந்தன. இருந்தும் நீ முன் சீற்றின் முதுகில் போய் மோதி, கடைவாயில் இரத்தத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாய். கை பெல்ற் ஆகாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அதனால் ஊர் என்ன பகிடி பண்ணினாலும் பண்ணட்டும், அந்தச் சீற்றுகள் வேண்டும் என்பதில் நான் உன் பக்கம்.

நசீர் கிண்ணியாவிலிருந்து வந்து உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர். வெளிநாட்டுக்காரரை ஏற்றி இறக்க வைத்திருந்த ஜீப். கடற்கரைக் காற்றில் நின்ற வாகனம், அடியில் துரு இருக்கும் என்று நினைத்தேன். அப்பா ஒரு சாக்கை விரித்து, படுத்துப் பார்த்து, பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். எழும்பத்தான் கொஞ்சம் நேரம் எடுத்தது. எஞ்சின் பிசகில்லை. கதவுகள் கனமாக, அடக்கமாகச் சாத்துகின்றன. உள்ளே ஏறினால் எல்லா இருக்கைக்கும் மண்ணிற ரெக்சின் உறை, ஓரமெல்லாம் வெள்ளைத் தையல். நம் ஆட்கள் வாகனம் வாங்கிய கையோடு முதலில் செய்கிற வேலை இதுதானே. கம்பனி போட்ட நல்ல துணி கண்ணில் படக்கூடாது, அதற்கு மேல் புழுங்குகிற ரெக்சின் ஒன்று போட்டால்தான் மனம் ஆறும். நசீர் அந்த உறையைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

"பாருங்க அன்ரி, ஒரு சுருக்கம் இருக்கா? சொல்லித் தைச்சது."

"வடிவாயிருக்கு. பின் சீற் பெல்ற்றைக் கொழுவிற பூட்டு எங்க நசீர்?"

"பூட்டா?" அவர் உறையைத் தடவிப் பார்த்தார். "அது அடியில கிடக்கும் அன்ரி. குத்துதெண்டு ஆக்கள் குறை சொன்னாங்க, தையல்காரன் உள்ளுக்குத் தள்ளிப்போட்டு மேலால தைச்சிட்டான்."

"அப்ப இவ்வளவு நாளும் பின்னால இருந்தவை?"

"அல்லாட காவல்ல போய் வந்தாங்க."

நீ அனுப்பிய வீடியோவில், இருக்கையின் முதுகும் அடியும் சேருகிற மடிப்புக்குள் இரண்டு இரும்பு வளையம் இருக்கும், குழந்தைச் சீற்றின் கொழுக்கி அதில்தான் விழவேண்டும் என்று சொன்னாயே, அதுவும் அந்த உறைக்குக் கீழே புதைந்து கிடந்தது. கைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தேன். நசீரின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீ. "அன்ரி, வியாபாரம் இன்னும் முடியல்ல" என்றார். "பெல்ற் இல்லாட்டி வியாபாரம் தொடங்கவே இல்லை" என்றேன். தையலை ஒவ்வொன்றாக வெட்டி, கையை விட்டுத் தேடினேன். நிலாவெளி மணல், கச்சான் கடலைத் தோல், ஒரு பெண்பிள்ளையின் தலைக் கிளிப், கடைசியில் ஒளிந்திருந்த பூட்டுகளும் வளையங்களும் வந்தன. வாகனத்தை எடுத்தால் முதல் வேலையாக எல்லா உறையையும் கழற்றி எறி. ஊரே சேர்ந்து அழகாகச் செய்கிற பிழை இது. யாருக்கும் பிழையாகவே தெரிவதில்லை.

இனிச் சீற் பூட்டின கதை. நடு வரிசையில் மூன்றையும் பக்கம் பக்கமாக வைக்கலாம் என்று நீ கீறி அனுப்பிய படம் கடதாசியில் சரி. ஜீப்பில் சரிவரவில்லை. நடுச் சீற்றை வைத்தால் பக்கத்துப் பூட்டுக்குள் விரல் போகாது, விரல் போனால் கதவு சாத்தாது. கடைசியில் இரட்டையரின் இரண்டையும் இரண்டு யன்னல் ஓரமும் வைத்தோம். அவர்களுடையது பின்னோக்கிப் பார்க்கிற சீற் என்பதால் முன் இருக்கைகளை முன்னுக்கு இழுக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கென்று நீ ஒதுக்கின முன் இருக்கையில் அவர் ஏறிப் பார்த்தார். முழங்கால் போய் டாஷ்போர்டில் முட்டியது. "இதென்ன, என்னைப் பொதி மாதிரி அடைக்கிறீங்கள்" என்றார். இரட்டையருக்கு நடுவில் ஷாமினி ஒடுங்கி இருக்கலாம். ஜோயலின் சீற் மூன்றாம் வரிசைக்குப் போயிற்று. அவனுக்குப் பக்கத்தில் மிஞ்சியது ஓர் இடம், என்னுடையது. பேப்பரில் ஏழு பேர் சரி. ஆனால் அந்த இடத்துக்குப் போக வழி இல்லை. நடு வரிசையை மடித்தால்தான் பின்னுக்கு ஏறலாம். குழந்தைச் சீற் பூட்டினால் நடு வரிசை மடியாது. நசீர் ஜீப்பைச் சுற்றிப் போய் டிக்கியைத் திறந்து, "இப்பிடி ஏறலாம்" என்றார். சாமான் ஏற்றுகிற பக்கம்.

அப்பா சிரித்தார். "நீ சின்ன ஆள், சுகமா ஏறுவாய்."

"நீங்கள்தானே எஞ்சினியர்மாதிரிப் பாக்கிறீங்கள். நீங்கள் ஏறிக் காட்டுங்கோ, நான் பிறகு ஏறுறன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவரும் வீம்புக்குத்தான் ஏறினார். ஒரு காலைத் தூக்கி வைத்து, மற்றக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல், கடைசியில் தலையை உள்ளே விட்டு உருண்டு போய் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் நாடிக்கு நேரே. அவர் வாய் திறக்குமுன் நான் டிக்கியைச் சாத்திவிட்டேன். "நசீர், ஓட்டிப் பாப்பம்" என்று முன்னால் ஏறினேன். என் வயதுக்கு இது அடங்காத வேலைதான். ஆனால் இந்தக் குணம் அடங்கிற்றென்றால் என்னில் பிறகு என்ன மிஞ்சும்?

நிலாவெளி வீதியால் வடக்கே போனோம். மகன், முன் இருக்கையிலிருந்து பார்த்தால் வீதி தானாக வந்து காலடியில் விழுகிறது. பஸ்சில் போனாலும் வானில் போனாலும் நான் வீதியைப் பக்கவாட்டில்தான் பார்த்தவள், அதுவும் ஒரு பிள்ளையின் தலைக்கு மேலால். நசீர் மெதுவாக ஓட்டினார். உன்னைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். பிறகு சும்மா கதையோடு கதையாக, "ரெண்டு பேரும் வேலைக்குப் போனா, பகலைக்குப் பிள்ளையள ஆரு பாக்கிறது அன்ரி?" என்று கேட்டார்.

"நான்தானாம்."

"உங்களுக்கு ஏலுமா?"

"ஏலாது நசீர்" என்றேன்.

அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. உன்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொல்லவில்லை, ஜெபத்தில்கூடச் சொல்லவில்லை. ஜீப் விற்கிற ஒரு மனிதரிடம் சொல்லிவிட்டேன். நசீர் கண்ணாடியில் பின்னால் ஒருக்காப் பார்த்தார். "அப்ப இப்பவே சொல்லுங்க அன்ரி. நான் வித்த பொருளத் திருப்பி எடுக்கிறவன் இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அப்பா கடைசியில், ஜோயலின் வெறும் சீற்றுக்குப் பக்கத்தில், வேர்த்துக் கொட்டிக்கொண்டு, கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, "என்ன? என்ன சொல்லுறாய்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இறக்கக்கண்டிப் பாலத்தடியில் நிறுத்தினோம். டிக்கியைத் திறந்தால் அப்பாவால் இறங்க முடியவில்லை. கால் விறைத்துவிட்டது. நசீர் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து இழுத்தோம். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் நின்று பார்த்து, "அண்ணை, உது என்ன மீன்? விலை சொல்லுவியளோ?" என்றார். "வித்தா ஒருத்தரும் வாங்கமாட்டினம் தம்பி, பழைய மீன்" என்று அப்பாவே சொன்னார். எல்லாரும் சிரித்தோம். பிறகு அவர் பாலத்துக் கைச்சுவரில் சாய்ந்து காலை உதறிக்கொண்டு, சிரிக்காமல் சொன்னார்: "பின்னால ஏசி வருதில்லை. அது பரவாயில்லை. முன்னால நீங்கள் கதைச்சது ஒண்டும் கேக்கேல்ல."

"ஓம். அங்க கேக்காது."

"உனக்கு எப்பிடித் தெரியும், நீ இன்னும் ஏறேல்லையே?"

அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். மகன், மாமாவின் வான் உனக்கு நினைவிருக்கும். முன்னால் மாமா, பக்கத்தில் அப்பா. நடுவில் நீங்கள். கடைசியில் நான், என் காலடியில் சோற்றுப் பானை, பக்கத்தில் தண்ணீர்க் கான், யாராவது சத்தி எடுத்தால் பிடிக்க ஒரு பை. மடு மாதா திருவிழாவுக்கும் அப்படித்தான், கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அப்படித்தான். யாரும் என்னைப் பின்னுக்குத் தள்ளவில்லை. நானே போய் ஏறுவேன். சீற் கிடைக்காதவளுக்குத்தான் சீற்றம் வரும், எனக்கு எப்போதும் ஒரு சீற் இருந்தது. ஆனால் ஒரு குடும்பத்தின் பேச்செல்லாம் வாகனத்தில்தான் முடிவாகிறது என்பதை நான் காலம் போய்த்தான் கண்டுபிடித்தேன். உன்னை வெளிநாட்டுக்கு அனுப்புகிற கதை அநுராதபுரத்தில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்துவதற்கிடையில் முன் இருக்கையில் முடிந்துவிட்டது. இறங்கி நிற்கையில் மாமா, "அப்ப இவன் போறது சரி, என்ன?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரியாது. கையில் பானை மூடி இருந்தது. நான் "ஓம்" என்று சொன்னேன். அது பிழையான முடிவு என்று சொல்லவரவில்லை. நல்லாய்த்தான் இருக்கிறாய். எனக்குக் கேட்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்த முறையும் அதுதான் நடந்தது. நீயும் ஷாமினியும் கதைத்தீர்கள், பிறகு அப்பாவோடு கதைத்தாய், அப்பா "அம்மா வீட்டிலதானே" என்றார், காரியம் முடிந்தது. ஷாமினி மட்டும் ஒருநாள் தனியாக அழைப்பு எடுத்து, "மாமி, உங்களுக்கு உண்மையா ஏலுமோ?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் ஒன்று அழுதது, மற்றது எதையோ தட்டிக் கொட்டியது. "ஏலும் பிள்ளை, ஏன் ஏலாது" என்றேன். பழக்கதோசம். வாய் முந்திவிடும். அந்தப் பதிலை இன்றைக்குத் திருப்பி எடுக்கிறேன் ஷாமினி. நீ கேட்டதை மட்டும் திருப்பித் தரமாட்டேன், அது என்னிடம் இருக்கட்டும்.

பாலத்தடியில் அப்பாவுக்கு இதெல்லாவற்றையும் சொன்னேன். நசீர் மீன் விலை கேட்கிற சாட்டில் தள்ளிப் போய் நின்றார். அப்பா கேட்டார்:

"உனக்கு என்னவும் வருத்தமோ? டொக்டரிட்டப் போவமோ?"

"வருத்தம் ஒண்டும் இல்லை. களைப்பு."

"களைப்பெண்டா படுத்தெழும்பினாச் சரிவரும்."

"இது படுத்தெழும்பியும் கிடக்கிற களைப்பு, இஞ்சேருங்கோ."

அவர் மற்றக் காலையும் உதறினார். பிறகு, "அப்ப நான் பாக்கிறன் பிள்ளையள" என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு. பிள்ளைக்குக் கட்டுகிற பம்பர்ஸ் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தெரியாத மனிதர். ஆனால் அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது நசீரைக் கொண்டு ஒரு சீற்றைக் கழற்றுவித்து, நடு வரிசையில் ஏறி, எனக்கும் நசீருக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு உப்புவெளி வரைக்கும் வந்தார். நாங்கள் ஒன்றும் பெரிதாகக் கதைக்கவில்லை. சூரை மீன் விலை கூடிப்போனதைத்தான் கதைத்தோம். அதையும் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தார்.

மகன், நீ கோபிக்கக்கூடாது. பயப்படவும் கூடாது. பிள்ளைகள் மேல் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. இரட்டையரில் யார் யாரென்று அடையாளம் பிடிக்கவே கை துருதுருக்கிறது. ஜோயலோடு சேர்ந்து அப்பாவின் செருப்பை ஒளித்துவைக்க இப்போதே திட்டம் இருக்கிறது. பின்னேரம் உங்கள் வீட்டுக்கு வருவேன், பிள்ளைகளைச் சிரிக்கவைத்து, சாப்பாடு தீத்தி, குழப்படியும் பழக்கிவிட்டு, இருட்டுமுன் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுவேன். சில நாள் வரமாட்டேன். அந்த நாளில் ஏன் வரவில்லை என்று கேட்கக்கூடாது. ஆனால் விடிந்ததிலிருந்து நீங்கள் வேலையால் வருமட்டும் இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்கி இறக்கி, ஒன்று நித்திரையாக மற்றது எழும்ப, அதன் பின்னால் ஓடுவது என்னால் ஏலாது. உங்கள் இரண்டு பேரோடும் ஓடினேன். பிறகு அக்காவின் பிள்ளைகளோடும் ஓடினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஓட்டம் முடிந்தது, அவ்வளவுதான். நம் கோயில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பகல் பராமரிப்பில் இரட்டையரின் வயதுப் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது, சத்தமாகவும் இருக்கிறது. பிடிக்காவிட்டால் வேறு வழி பாருங்கள். ஷாமினி வேலையைப் பிந்தித் தொடங்கலாம், நீ பிந்தித் தொடங்கலாம். ஏன், நீ தொடங்கினால் என்ன? எதைக் கதைத்தாலும் என்னையும் அழைப்பில் வைத்துக்கொண்டு கதையுங்கள். "அம்மா ஓம் எண்டிட்டா" என்று எனக்குப் பிறகு வந்து சொல்லக்கூடாது.

எயார்போர்ட் விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் டிக்கியில் ஒரு சூட்கேஸ்கூடப் படுக்காது. ஏழு பேரும் உங்கள் பெட்டிகளும் அதில் வருவதென்பது கனவு. அப்பாவும் நசீரும் ஜீப்பில் வரட்டும், பெட்டிகளுக்குத் தனியாக ஒரு வான் பிடியுங்கள். நான் வரவில்லை. வீட்டில் நண்டுக் கறி வைத்துக்கொண்டு இருப்பேன், நீங்கள் வந்து இறங்குகிறபோது நித்திரை முழித்த முகத்தோடு இருக்கமாட்டேன்.

ஆகவே என் மதிப்பீடு இது. இரட்டையரின் சீற்றுகளை வலப்பக்கத்திலும் நடுவிலும் பூட்டு, உப்புவெளிக்குத் திரும்பிய பிறகு சேர்த்து வைத்துப் பார்த்தோம், இரண்டென்றால் மட்டுமட்டாகப் போகிறது. இடப்பக்கத்து இருக்கை மடிவதற்குச் சும்மா இருக்கட்டும், ஜோயல் அந்த வழியால் ஏறிப் பின்னுக்குப் போவான், ஷாமினி அதில் இருப்பாள். உனக்குத்தான் ஸ்டியரிங்கோடு கொஞ்சம் நெருக்கம் வரும், பொறுத்துக்கொள். நாங்கள் இருவரும் வருகிற நாளில் அப்பா ஜோயலுக்குப் பக்கத்தில் இருப்பார், அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார், கால் உதறத் தேத்தண்ணீர்த் தரிப்புகள் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். பகலில் பிள்ளைகளை யார் பார்ப்பதென்று என்னையும் வைத்துத் தீர்மானித்த பிறகு நசீருக்குக் காசை அனுப்பு. அதற்கு முன்னம் அனுப்பாதே, அவர் திருப்பி எடுக்கிறவர் இல்லை.

நான் முன்னால் இருப்பேன். மற்றபடி வண்டி நல்ல திறம்.

அம்மா